ஆமெனுக்கு ஓர் அங்குலம்

1988ஆம் ஆண்டு மே மாதம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. கடற்காற்று இன்னும் எழும்பவில்லை. பாத்திகளில் உப்பு பூத்து, பார்க்க முடியாதபடி கண் கூசியது. மரக்காணத்தில் எங்கள் உப்புக் கம்பெனியின் நாலாம் நம்பர் கிணற்றில் பதிமூன்றாவது சிமெண்ட் உறை நழுவி, உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த சாலமோனின் மேல் மணல் சரிந்தது.

இதை எழுதச் சொன்னவர்கள் இப்போது அங்கே வேலையில் இருக்கும் இளைஞர்கள். போன மாதம் கடைசிக் கிணற்றிலும் நீர்மூழ்கி மோட்டார் இறக்கிவிட்டார்களாம். இனி கிணற்றுக்குள் ஆள் இறங்க வேண்டியதில்லை. "அந்தக் காலத்துல எப்படி சார் ஆள் இறக்கினீங்க? ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்று வீடு தேடி வந்து கேட்டார்கள். நாலு பக்கத்துக்குள் அடங்குமா என்ற கவலையோடுதான் ஆரம்பிக்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர். பிறகு ஒரு சர்க்கரை ஆலையில் இரண்டு வருடம். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை இந்த உப்பளத்தில்தான், முதலில் பம்ப் மெக்கானிக், பிறகு ஃபோர்மேன். வேலையை எனக்குக் கற்பித்தது பள்ளிக்கூடம் அல்ல, மேனேஜர் வரதராஜன் சாரின் ஒரே ஒரு கேள்வி. "எவ்ளோ?"

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வெள்ளை அரைக்கைச் சட்டை, கையில் குடை, பையில் எஃகு டேப். தப்பு செய்தவனை நாற்காலியில் உட்கார வைத்து விட்டு, தான் நின்றுகொண்டு பேசுவார். "தண்ணி கொஞ்சம் ஏறியிருக்கு சார்" என்றால் பதில் வராது. நாம் "மூணு அங்குலம் சார்" என்று சொல்லும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எதையும் எண்ணும் பழக்கம் எனக்கு ஏற்கெனவே உண்டு. அவரிடம் வேலை பார்த்ததில் அது நோயாகவே ஆகிவிட்டது.

எங்கள் கிணறுகள் உறைக் கிணறுகள். நாலடி அகலம், ஓரடி உயரம் உள்ள சிமெண்ட் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மணலுக்குள் இறக்கியிருப்பார்கள். அடியில் ஊறும் உப்புநீரைப் பம்ப் உறிஞ்சிப் பாத்திகளுக்குத் தள்ளும். குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வில் மணல் அடைத்துக்கொண்டால் ஆள் இறங்கித்தான் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு வரதராஜன் சார் வகுத்த முறை இது: முதலில் எரிகிற அரிக்கேன் விளக்கை இறக்கிக் காற்று நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்குகிறவன் இடுப்பில் கயிறு இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் இரண்டு கிணறுகளிலும் டீசல் எஞ்சின்கள் நிற்காமல் ஓடவேண்டும். அவை ஓடினால்தான் அந்த இடத்தில் ஊற்று இறங்கி, உள்ளே இருப்பவன் தண்ணீரில் மூழ்காமல் இருப்பான். கடைசியாக ஒன்று: உள்ளே ஏதாவது ஆகி, மூன்று முறை கூப்பிட்டும் பதில் வராவிட்டால், அடுத்த ஆளை இறக்கக்கூடாது. "ஒருத்தன் போனது விபத்து. ரெண்டாவது ஆள் போனா அது நம்ம தப்பு" என்பார்.

அன்று எல்லாம் முறைப்படியே நடந்தது. உறை நழுவுவதற்கு மட்டும் முறை கிடையாது.

சாலமோனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு, நாலடி வளையத்துக்குள் சுலபமாகத் திரும்புவான். உப்பளத்துக்கு மேற்கே இருந்த குடியிருப்பில் பதினெட்டு கிறிஸ்தவக் குடும்பங்கள். கீற்றுக் கொட்டகைதான் கோயில். பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருவார். மற்ற ஆறு நாளும் கூட்டத்தை நடத்துவது எஸ்தரக்கா. தலைச்சுமையாக உப்பு சுமக்கும் வேலை. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கழுத்து தடித்து மரம்போல் இருக்கும்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியைத் திறப்பதற்கு முன் ஒருவரை ஒருவர் கேட்பார்கள்: "உன் ஜெபக்குறிப்பு இன்னா?" மாமியாருக்குக் கண் தெரியவில்லை, பையன் கணக்கில் ஃபெயில், புருஷன் குடிக்கிறான் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். யாரும் தன் குறிப்புக்காகத் தான் ஜெபிக்கக் கூடாது. இன்னொருவருடையதை வாங்கிக்கொண்டு வாரம் முழுக்க அதைச் சுமக்க வேண்டும். ஜெபிக்கிறவர் ஜெபத்தை முடித்ததும் கேட்கிறவர்கள் எல்லாரும் ஆமென் சொல்வார்கள். சாப்பாட்டு நேரம் முப்பது நிமிடம். அதில் பன்னிரண்டு நிமிடம் இதற்கே போகும். கை கழுவ நேரமாகி மணி அடித்த பிறகுதான் எழுந்திருப்பார்கள். அதை நான் பலமுறை கண்டித்திருக்கிறேன்.

மணல் சரிந்தபோது மேலே கயிற்றைப் பிடித்திருந்தவன் யோபு, சாலமோனின் மச்சான். கயிறு இறுகிப்போய், இழுத்தால் வரவில்லை. கிணறு பதின்மூன்றடிவரை தெரிந்தது, அதற்குக் கீழே ஈர மணல் மட்டும். நான் குழாயில் காதை வைத்தேன். டக், டக், டக். உள்ளே ஸ்பேனரால் தட்டுகிறான்.

"சார், உசுரோட இருக்கான் சார்!" என்று யோபு கத்தினான்.

வரதராஜன் சார் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். "எவ்ளோ ஆழம்?"

"தலைக்கு மேல மணல் நாலடி இருக்கலாம் சார். நழுவின உறை சாஞ்சு அவனுக்கு மேல கூரை மாதிரி நிக்கணும். இல்லன்னா தட்ட முடியாது."

நேராக மணலை அள்ளினால் அந்த உறை நழுவி அவன் தலையிலேயே விழும். ஆகவே பக்கத்தில் ஆறடி தள்ளி இன்னொரு குழி வெட்டி, பனம்பலகை அடித்துத் தாங்கு கொடுத்துக்கொண்டே இறங்கி, பக்கவாட்டில் உறையை உடைத்து எடுக்க வேண்டும். அது பகல் முழுவதும் பிடிக்கும் வேலை. அதுவரை அவனுக்குக் காற்று வேண்டும். ஸ்டோரில் புதிதாக வந்த இருபதடி ஜி.ஐ. பைப் ஒன்று இருந்தது, ஒன்றரை அங்குலம். அதை எடுக்க எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை. முனையில் மரக்கட்டை அடைத்து, கிணற்றின் வடக்கு ஓரமாக அங்குலம் அங்குலமாகத் தட்டி இறக்கினோம். பிறகு உள்ளே கம்பியை விட்டுக் கட்டையைத் தள்ளினேன். காற்று புஸ்ஸென்று கேட்டது.

பிறகு குரல் கேட்டது. "இடுப்பு வரைக்கும் மணல் சார். தண்ணி தொப்புளுக்குக் கீழ இருக்குது. லில்லிகிட்ட பயப்பட வேணாம்னு சொல்லுங்க."

அவன் மனைவி லில்லி என் பின்னாலேயே நின்றிருந்தாள். முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு.

அதற்குள் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். எஸ்தரக்கா பைப்புக்கு அருகில் மண்டியிட்டாள். "சார், எஞ்சினைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. நாங்க ஜெபம் பண்றது அவனுக்குக் கேக்கணும், அவன் சொல்றது எங்களுக்குக் கேக்கணும்."

இரண்டு எஞ்சின்களும் இருபதடி தூரத்தில் முழங்கிக்கொண்டிருந்தன. எஞ்சின் ஓட்டுகிறவர் கூனிமேட்டு காதர் பாய். நான் அளந்து பார்த்திருக்கிறேன்: இரண்டு நிமிடம் நிறுத்தினால் ஊற்று ஓர் அங்குலம் ஏறும். அந்த ஓர் அங்குலத்தை மறுபடி இறக்க ஒரு மணி நேரம் ஆகும்.

"ஏம்மா, உனக்குப் புரியுதா? நீங்க ஆமென் சொல்ற ஒவ்வொரு தடவையும் அவன் மேல ஒரு அங்குலம் தண்ணி ஏறும்."

எஸ்தரக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தண்ணி அவன் வெளிய ஏறுது சார். பயம் உள்ள ஏறினா நீங்க எந்த எஞ்சினை வச்சி இறைப்பீங்க?"

மேனேஜரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணிக்கு ஒரு தடவை. ரெண்டு நிமிஷம். அதுக்கு மேல ஒரு செகண்டும் கிடையாது."

அப்படித்தான் அது தொடங்கியது. அரை மணிக்கு ஒருமுறை நான் கையைத் தூக்குவேன். காதர் பாய் எஞ்சின்களை நிறுத்துவார். திடீரென்று உப்பளம் முழுவதும் அமைதியாகும். ஒவ்வொரு முறையும் வேறொருவர் பைப்பில் வாயை வைத்து ஜெபிப்பார். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒருவர்கூடத் திக்கவில்லை. முடிவில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். பூமிக்குள் பதினேழு அடியிலிருந்து, ஒன்றரை அங்குல இரும்பின் வழியாக, ஒரு சொல் ஏறி வரும்: "ஆமென்." அதன் பிறகுதான் மேலே இருப்பவர்கள் ஆமென் சொல்வார்கள். நான் உடனே "போடுங்க பாய்!" என்று கத்துவேன்.

"சார், இவங்க ஜெபம் நீட்டிக்கிட்டே போனா என் எஞ்சின் சூடு ஆறிடும். அப்பறம் ஹேண்டில் சுத்தி என் தோள் கழண்டுடும்" என்றார் காதர் பாய், மூன்றாவது முறை. ஆனால் நான்காவது முறை அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். உதடு அசைந்தது. இதில் நான் யாரையும் குறை சொல்ல முடியாது. பகல் பன்னிரண்டே காலுக்கு நானே யாருக்கும் தெரியாமல் எங்கள் ஊர் ஈஸ்வரனுக்குப் பதினோரு தேங்காய் நேர்ந்துகொண்டிருந்தேன்.

ஒன்றரை மணிக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். பக்கக் குழி எட்டடி ஆழம் ஆகியிருந்தது. யோபுவும் இன்னொருவரும் உள்ளே வெட்டினார்கள். திடீரென்று ஒரு பலகை முனகியது. யோபு ஏணியைப் பிடித்து மேலே ஏறி வந்து, மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னால முடியாது சார். எனக்கும் ரெண்டு புள்ளைங்க. நான் எறங்க மாட்டேன்."

யாரும் அவனைத் திட்டவில்லை. அந்த நேரம் எஞ்சின் நிற்கும் முறை வந்தது. சாலமோனுக்காக ஜெபிக்க ஒருவர் குனிந்தபோது, பைப்பிலிருந்து அவன் குரலே முந்திக்கொண்டு வந்தது.

"அக்கா, எல்லாரும் என்னையே சுமந்துக்கிட்டு இருக்கீங்க. எனக்குச் சும்மா இருக்க முடியல. மேல யாருக்கு இன்னா ஜெபக்குறிப்பு? சொல்லுங்க, நான் பண்றேன்."

சுற்றி நின்ற முகங்களை நான் இன்றும் மறக்கவில்லை. எஸ்தரக்கா யோபுவைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டி வேண்டாம் என்றான். அவள் பைப்பில் மெதுவாகச் சொன்னாள்: "யோபுவுக்குக் குழியில எறங்க பயமா இருக்குதாம்பா."

பிறகு சாலமோன் ஜெபித்தான். இடுப்புவரை மணலில் புதைந்தவன், மேலே வெயிலில் நிற்கிறவனுக்காக. "ஆண்டவரே, யோபு மச்சானுக்குப் பெலன் குடும். அவன் பிள்ளைங்களை நினைச்சுப் பயப்படறான், அது தப்பில்ல. அவன் கூடவே நீரும் குழியில எறங்கும்." முடித்துவிட்டுக் கேட்டான்: "ஃபோர்மேன் சாரோட குறிப்பு இன்னா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. "எனக்கு ஒண்ணுமில்ல. தண்ணி இறங்கணும். அவ்ளோதான்."

"ஆண்டவரே, ஃபோர்மேன் சாருக்காகத் தண்ணியை இறக்கும். அவர் ரொம்பக் கவலைப்படறார்" என்றது குழாய்.

மூன்றே முக்கால் நிமிடம் ஆகியிருந்தது. நான் "போடுங்க" சொல்ல மறந்திருந்தேன். வரதராஜன் சாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எஞ்சின் மறுபடி ஓடியபோது யோபு ஏணியில் கால் வைத்திருந்தான்.

நான்கு மணி அளவில் கூட்டம் பெருகி, அழுகையும் பேச்சுமாக ஒரே இரைச்சலானது. லில்லி மயங்கிச் சாய்ந்தாள். தண்ணீர் மார்புக்கு நாலு விரல் கீழே என்று சாலமோன் சொன்ன குரல் மெலிந்திருந்தது, சொற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. எஸ்தரக்கா எல்லாரையும் அடக்கினாள். "சத்தம் போதும். இப்போ எல்லாரும் மனசுக்குள்ள ஜெபிப்போம். சாலமோனு, நீயும் மனசுக்குள்ள பண்ணு. நான் முடிக்கிறேன்" என்று பைப்பில் சொன்னாள். எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

அரை நிமிடம் ஆகியிருக்கும். குழியில் பலகை ஒன்று பிளந்தது. காதர் பாய் எஞ்சின்களை ஓடவிட்டார், மற்ற எல்லாரும் எழுந்து ஓடினோம். நானும் நாலு பேரும் முதுகை முட்டுக் கொடுத்துப் பலகையைத் தாங்க, யோபு புதிய பலகையை அடித்தான். இருபத்திரண்டு நிமிடம் அதிலேயே போயிற்று. அடித்து முடித்து மேலே வந்து, எஞ்சின்களை நிறுத்தச் சொல்லி, நான் பைப்பில் கூப்பிட்டேன்.

"சாலமோன்!"

பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். பிறகு, மயக்கம் தெளிந்திருந்த லில்லி கூப்பிட்டாள். அவள் குரல் பைப்புக்குள் போய்த் திரும்பி வந்தது. வேறு எதுவும் வரவில்லை. ஸ்பேனர் தட்டும் ஓசையும் இல்லை.

வரதராஜன் சார் மூன்று முறையையும் எண்ணியிருந்தார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. குழியின் ஓரத்துக்குப் போனார். அவர் குரல் எப்போதும்போல் தாழ்ந்தே இருந்தது. "யோபு, மேல வாப்பா. எல்லாரும் மேல வாங்க. அந்தப் பலகை நிக்காது. ஃபயர் சர்வீஸ் வண்டி காலைலதான் வருமாம், அதுவரைக்கும் யாரும் எறங்க வேணாம்."

காலையில் எடுத்தால் பிணமாகத்தான் எடுப்போம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் முறை. யோபு ஏணியில் ஏறத் தொடங்கினான்.

"சார்" என்றாள் எஸ்தரக்கா. "ஜெபத்தை முடிக்காம விட்டுட்டோம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இப்ப என்னம்மா ஜெபம்? எஞ்சின் நின்னு ஒண்ணரை நிமிஷம் ஆச்சு!"

"நான் முடிக்கிறேன்னு சொல்லிட்டு ஓடிட்டேன் சார். அவன் இன்னும் அதுக்குள்ளதான் இருப்பான்."

அவள் என் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. மண்டியிட்டு, பைப்பின் வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏதோ இப்போதுதான் விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல், சாதாரணக் குரலில் சொன்னாள்: "இந்த விண்ணப்பங்களை எல்லாம் உமது பாதத்தில் வைக்கிறோம். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபம் கேளும், எங்கள் நல்ல பிதாவே."

வழக்கமாக எல்லாரும் ஆமென் சொல்ல வேண்டிய இடம். அவள் ஒரு கையைத் தூக்கி அவர்களைத் தடுத்தாள். நூறு பேருக்கு மேல் இருந்தோம். கொக்கு ஒன்று பாத்தியில் இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

பைப்பிலிருந்து, இருமலோடு, கனவில் பேசுகிறவன் குரலில் வந்தது:

"ஆமென்."

என் கணக்கில் அது அன்றைய பன்னிரண்டாவது. வரதராஜன் சார் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பிறகு என்னைப் பார்த்து, "இன்னும் எவ்ளோ?" என்றார்.

"ரெண்டே முக்கால் அடி சார்."

அவர் வாய் திறப்பதற்குள் யோபு குழிக்குள் இறங்கியிருந்தான். காதர் பாய் எஞ்சினைத் தட்டிவிடும்போது உரக்கவே "ஆமீன்" என்றார். அதன் பிறகு ஒருமுறைகூட எஞ்சினை நிறுத்தவில்லை. மாலை ஆறு இருபத்தைந்துக்கு உறையை உடைத்து, சாலமோனைப் பக்கவாட்டில் இழுத்து எடுத்தோம். உறையை உடைத்தபோது பாய்ந்த ஊற்றில் தண்ணீர் அவன் கழுத்தெலும்பைத் தொட்டிருந்தது.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தான். இடது கால் மரத்துப்போய், பிறகு சரியாயிற்று. நான் பார்க்கப் போனபோது கேட்டேன்: "நான் கூப்பிட்டது உனக்குக் கேக்கலையா?"

"இல்ல சார்."

"லில்லி கூப்பிட்டது?"

"அதுவும் கேக்கல சார். எங்கயோ போய்ட்டேன். தூக்கமா இன்னான்னு தெரியல. அக்கா முடிக்கிறது மட்டும் கேட்டுச்சு. முடிச்சா ஆமென் சொல்லணும் இல்லயா? எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்களே."

இதை நான் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சிறு வயதிலிருந்து ஆயிரக்கணக்கான முறை சொன்ன பழக்கம் என்று ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். இருக்கலாம். ஆனால் பெற்றவர்கள் வைத்த பெயரும் கட்டிய மனைவியின் குரலும் போய்ச் சேராத ஆழத்துக்கு அது போய்ச் சேர்ந்ததே, அது எத்தனை அடி என்று என்னால் அளக்க முடியவில்லை. அந்தப் பன்னிரண்டு முறை எஞ்சினை நிறுத்தியதில் ஏறிய தண்ணீரை எண்ணிக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பன்னிரண்டு முறை இல்லாவிட்டால் யோபு இரண்டாம் தடவை இறங்கியிருக்க மாட்டான், குழியும் அவ்வளவு தூரம் போயிருக்காது. இரண்டு கணக்கும் உண்மை. வெகு காலம் நான் ஒன்றை மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

சாலமோன் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் நன்றி சொல்ல ஸ்தோத்திரக் கூட்டம். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்தேன். செருப்பு தொலைந்துவிடுமோ என்று ஒரு கண் வாசலிலேயே இருந்தது. கூட்டம் முடியும்போது எஸ்தரக்கா என்னிடம் வந்து, "சார், அன்னைக்குக் கேட்டதுக்கு நீங்க சரியாப் பதில் சொல்லல. உங்க குறிப்பு இன்னா?" என்றாள். என் கவலைகளை மனதில் எண்ணிப் பார்த்தேன். பதினான்கு வந்தது. ஒன்றைச் சொன்னேன். யோபு அதை வாங்கிக்கொண்டான். அது என்ன என்று இங்கே எழுதத் தேவையில்லை. அவன் அதை ஒரு வாரம் அல்ல, மூன்று வருடம் சுமந்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

வரதராஜன் சார் அடுத்த மாதம் என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். தான் நின்றுகொண்டார். "பைப் நல்ல காரியத்துக்குத்தான் போச்சு. ஆனா அனுமதி இல்லாம போச்சு" என்றார். நான் மறுக்கவில்லை. ஆக, பைப் இருபது அடி, அடி பதினொன்றரை ரூபாய் வீதம் சம்பளத்தில் பிடித்தது இருநூற்று முப்பது. ஈஸ்வரனுக்குத் தேங்காய் பதினொன்று, காய் இரண்டரை ரூபாய் வீதம் இருபத்தேழு ஐம்பது. கொட்டகையில் காணிக்கைப் பை என் முன் வந்தபோது போட்டது பத்து. மொத்தம் இருநூற்று அறுபத்தேழு ரூபாய் ஐம்பது காசு.